நோய்க்கும் மேடு பள்ளம் உண்டு

(பதுளைப் பகுதித் தோட்டக் குடும்பங்களின் சுகாதாரக் கூட்டமொன்றில் நிகழ்த்திய உரை. பேசிய நடையிலேயே பெரும்பாலும் தரப்படுகிறது.)



உங்களுக்கு ஓய்வு கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை ஒரு நாள்தான். துணி துவைக்கணும், விறகு பொறுக்கணும், டவுனுக்குப் போய் சாமான் வாங்கணும். அவ்வளவையும் ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். அதனால் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறேன்.

சுகாதாரக் கூட்டம் என்றால் வழக்கமாக என்ன சொல்லுவாங்க? "தண்ணியக் கொதிக்க வச்சுக் குடிங்க, கையக் கழுவுங்க, வெத்தலைய விடுங்க, சாராயத்த விடுங்க." எல்லாம் நல்ல புத்திதான். அதைச் சொல்ல இங்கே மிஸ்ஸிமார் இருக்கிறார்கள். நான் பேச வந்தது வேறொரு கேள்வியைப் பற்றி. ஒரே நாட்டில், ஒரே அரசாங்க ஆஸ்பத்திரியை நம்பி வாழுகிற மக்களில், ஏன் ஒரு பகுதியாருக்கு மட்டும் நோய் கூடுதலாகவும் வைத்தியம் குறைவாகவும் கிடைக்கிறது?

இந்தக் கேள்வியை ஆராய்கிற படிப்புக்குச் சமூகவியல் என்று பெயர். பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். மனிதர்கள் கூட்டமாக வாழும்போது யார் மேலே, யார் கீழே, யாருக்கு எது கிடைக்கிறது, யாருக்கு எது கிடைக்கவில்லை, அது ஏன் என்று பார்க்கிற படிப்பு அது. உங்களுக்கு அது தெரியாத படிப்பல்ல. தோட்டத்தைப் பாருங்கள். காற்றும் வெளிச்சமும் உள்ள இடத்தில் துரை பங்களா. அதற்கடுத்து உத்தியோகத்தர் குவாட்டர்ஸ். பிறகு லயம். தண்ணீர்க் குழாய் முதலில் எங்கே போகிறது, ரோடு எதுவரைக்கும் தார் போட்டிருக்கிறது என்று பார்த்தாலே பாதிச் சமூகவியல் விளங்கிவிடும்.

ஒரு கணக்கு

2016 ஆம் ஆண்டு இலங்கையில் குடித்தொகையும் சுகாதாரமும் பற்றிய ஒரு பெரிய கணக்கெடுப்பு நடந்தது. ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை அளந்து பார்த்தார்கள். நாடு முழுவதையும் எடுத்தால் நூற்றுக்கு 17 பிள்ளைகள் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டப் பகுதியில் மட்டும் பார்த்தால் நூற்றுக்கு 32. ஏறக்குறைய இரண்டு மடங்கு.

உயரம் குறைந்தால் என்ன, கட்டையாக இருந்தால் குற்றமா என்று கேட்கலாம். குற்றமில்லை. ஆனால் பிள்ளை வளராமல் போவது ஓர் அடையாளம். தாய் வயிற்றில் இருந்தபோது தாய்க்குச் சாப்பாடு போதவில்லை, பிறந்த பிறகு பிள்ளைக்குப் போதவில்லை, அடிக்கடி வயிற்றோட்டமும் சளியும் வந்து சாப்பிட்டதும் உடம்பில் ஒட்டவில்லை என்பதன் அடையாளம். அந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தில் பாடம் ஏறுவதும் கஷ்டமாகலாம். பெண் பிள்ளையாக இருந்தால் அவள் தாயாகும்போது அவளுடைய பிள்ளையும் எடை குறைந்து பிறக்கக்கூடும்.

இந்தக் கணக்குக்கு மூன்று விதமாகப் பதில் சொல்லுகிறார்கள்.

முதல் பதில்: "எல்லாம் தலையெழுத்து. நம்ம ஆளுங்க உடம்பே அப்படித்தான்." இது சரியா? இதே மாதிரிக் கணக்கெடுப்பு 2006-2007 இலும் நடந்தது. அப்போது தோட்டப் பகுதியில் நூற்றுக்கு 40 பிள்ளைகள் வளர்ச்சி குறைந்திருந்தார்கள். பத்து வருஷத்தில் 40, 32 ஆகக் குறைந்தது. இது இரத்தத்தில் ஊறியதாக இருந்தால் பத்து வருஷத்தில் இவ்வளவு மாறுமா? தலையெழுத்து என்றால் அழிபட்டிருக்காதே. மனிதர் செய்த காரியத்தால் குறைந்தது. மிச்சமும் மனிதர் செய்கிற காரியத்தால் குறையும்.

இரண்டாவது பதில்: "தோட்டத்து ஆளுங்க பழக்கவழக்கம் சரியில்ல." இதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, மறைக்க வேண்டாம். வெற்றிலையோடு புகையிலை போட்டு வாயில் புற்றுநோய் வந்தவர்களை நாம் பார்த்திருக்கிறோம். சம்பள நாளில் தவறணையில் போகிற காசு எந்தப் பிள்ளையின் வயிற்றிலிருந்து போகிறது என்று தாய்மாருக்குத் தெரியும். ஆனால் விடிய எழும்பி, வெறும் தேத்தண்ணியும் ரொட்டியும் சாப்பிட்டு, மழையிலும் பனியிலும் மலையில் நிற்கிறவள் பசி தெரியாமல் இருக்க வெற்றிலையை அதக்குகிறாள். பழக்கத்தை மட்டும் குற்றம் சொல்லி, அந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று கேட்காவிட்டால் அது அரைக் கதைதான்.

மூன்றாவது பதில்தான் இன்றைக்கு நான் சொல்ல வந்தது. நோய் உடம்பில் வருகிறது. ஆனால் யாருடைய உடம்பில் கூடுதலாக வருகிறது என்பதைச் சமுதாயம் தீர்மானிக்கிறது.

ஒரு டொக்டர் எழுதிய மருந்து

இது புதுக் கதையில்லை. 1848 ஆம் ஆண்டு, ஐரோப்பாவில் பிரஷ்யா என்ற நாட்டின் ஆட்சியில் இருந்த மேல் சிலேசியா என்ற பகுதியில் பயங்கரமான விஷக் காய்ச்சல் பரவியது. ஏழை ஜனங்கள் கூட்டம் கூட்டமாகச் செத்தார்கள். என்ன நோய் என்று பார்த்து வர அரசாங்கம் ஒரு டொக்டரை அனுப்பியது. பெயர் ருடோல்ஃப் விர்ச்சோ. வயது 26.

அந்தச் சனங்கள் பேசியது போலிஷ் மொழி. ஆண்ட அதிகாரிகள் பேசியது ஜெர்மன். பஞ்சம் ஒரு பக்கம், நெருக்கமான குடிசை ஒரு பக்கம், தங்கள் குறையைச் சொல்ல மொழியில்லாத நிலை இன்னொரு பக்கம். டொக்டர் திரும்பிப் போய் அறிக்கை எழுதினார். அதில் நோய்க்குப் பரிகாரமாக அவர் கேட்டவை கல்வி, ரோடு, மக்களுக்குத் தங்கள் காரியத்தைத் தாங்களே பார்க்கும் உரிமை, போலிஷ் மொழிக்கு அரசாங்க அலுவல்களில் இடம். டொக்டர் ஒருவர் காய்ச்சலுக்கு மொழி உரிமையையும் மருந்தாகச் சொன்னார் என்பதைக் கவனியுங்கள். அரசாங்கத்துக்கு அது பிடிக்கவில்லை. ஆனால் சமுதாயத்தையும் நோயையும் சேர்த்துப் பார்க்கிற வழியைத் திறந்து விட்டவர்களில் அவர் முக்கியமானவர்.

இனி நம்முடைய கதைக்கு வருவோம்.

தோட்டத்தில் வைத்தியம் வந்த கதை

நம்முடைய பாட்டன் பூட்டன்மார் கோப்பித் தோட்டத்துக்கு வந்த பாதை உங்களுக்குத் தெரியும். தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியாக மாத்தளைக்கு நடந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியிலேயே விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. மலையகம் 200 என்று 2023 இல் அதே பாதையில் நம் ஆட்கள் நடந்து அவர்களை நினைவு கூர்ந்தார்கள்.

தோட்டத்துக்கு வந்து சேர்ந்தவர்களும் நோயில் செத்துக் கொண்டிருந்தார்கள். அதன் பிறகுதான் 1872 இல் தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைக்கென்று ஒரு சட்டம் வந்தது. 1912 இல் அதை விரிவாக்கினார்கள். லயங்களைத் துப்புரவாக வைத்திருக்க வேண்டும், யாருக்குச் சுகமில்லை என்று துரை அறிந்து வைத்திருக்க வேண்டும், தேவையானவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும், ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் சரியாகப் பராமரிக்கப்படுகிறார்களா என்று பார்க்க வேண்டும் என்றெல்லாம் அதில் இருந்தது.

நல்ல சட்டம்தானே? ஆம், அந்தக் காலத்துக்கு நல்லதுதான். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். கிராமத்து ஆளுக்குச் சுகமில்லை என்றால் அது அரசாங்கத்தின் பொறுப்பு. தோட்டத்து ஆளுக்குச் சுகமில்லை என்றால் அது துரையின் பொறுப்பு. அதாவது நம்முடைய உடம்பு ஒரு குடிமகனின் உடம்பாகப் பார்க்கப்படவில்லை. வேலைக்கு வந்த உடம்பாகப் பார்க்கப்பட்டது. கொழுந்து எடுக்கக் கை வேண்டும், கவ்வாத்து வெட்டத் தோள் வேண்டும், அதற்காக வைத்தியம். இந்த இரண்டு வழிதான் பின்னால் நம்மைப் பல காலம் பின்னுக்குத் தள்ளியது.

ஒரு உதாரணம் சொல்லுகிறேன். 1916 இல் அமெரிக்காவின் ராக்பெல்லர் நிறுவனத்தார் கொக்கிப் புழு நோயை ஒழிக்க இலங்கைக்கு வந்தார்கள். தோட்டத்து ஆட்களிடம் அந்தப் புழு ஏராளம். வெறுங்காலோடு நடக்கும்போது மண்ணிலிருந்து காலுக்குள் ஏறி, வயிற்றில் உட்கார்ந்து இரத்தத்தை உறிஞ்சும். ஆள் வெளிறிப்போய், மூச்சு வாங்கி, சோம்பேறி மாதிரித் தெரிவார். மருந்து கொடுத்தார்கள், புழு விழுந்தது. கொஞ்ச காலத்தில் மறுபடியும் வந்தது. ஏன்? லயத்தில் கக்கூசு இல்லை. மலம் மண்ணில், மண் காலில், புழு வயிற்றில். மருந்தோடு கக்கூசும் கட்ட வேண்டும் என்று வந்தவர்கள் சொன்னார்கள். அதற்குப் பணம் செலவழிக்கத் தோட்டக்காரர் பலருக்கு மனம் வரவில்லை. மருந்து குடிக்கிற நாளில் வேலை கெடும் என்ற கவலையும் இருந்தது.

அப்போது அந்த ஆளைப் பார்த்து எல்லோரும் சொன்னது "சோம்பேறி". உண்மையில் அவர் நோயாளி. அவரை நோயாளி ஆக்கியது கட்டப்படாத கக்கூசு.

வாக்கும் வைத்தியமும்

1931 இல் இலங்கைக்குச் சர்வசன வாக்குரிமை வந்தது. அதன் பிறகு கிராமங்களில் பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் மருத்துவிச்சியும் வேகமாகப் பெருகின. வாக்குக் கேட்டு வருகிறவரிடம் கிராமத்தவர்கள் கேட்டார்கள், அவரும் செய்ய வேண்டியிருந்தது. நமக்கு நடந்தது என்ன? 1947 தேர்தலில் மலையகத்திலிருந்து இலங்கை இந்தியன் காங்கிரஸ் உறுப்பினர்கள் பாராளுமன்றம் போனார்கள். 1948 இல் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. நாடற்றவர்களானோம். வாக்குப் போனது. 1952 தேர்தலில் அந்தக் காங்கிரசிலிருந்து ஒருவரும் பாராளுமன்றத்தில் இல்லை.

1951 இல் அரசாங்க ஆஸ்பத்திரியில் கட்டணம் நீக்கப்பட்டு இலவச வைத்தியம் வந்தது. உலகமே புகழுகிற காரியம் அது. ஆனால் இலவச ஆஸ்பத்திரியைத் தன் ஊருக்குக் கொண்டுவர வாக்கு வேண்டும். அந்த நேரத்தில் நம் கையில் அது இல்லை. நாம் தோட்டத்து மருந்துக் காம்பராவோடு நின்றோம். 1973-74 உணவுத் தட்டுப்பாட்டில் தோட்டங்களில் மரணம் மற்றப் பகுதிகளைவிடப் பயங்கரமாக ஏறியது. அந்தப் பசியைக் கண்ட பெரியவர்கள் இந்த மண்டபத்திலும் இருக்கிறீர்கள். கிராமத்து ஆளுக்குக் கொஞ்சமாவது காணி இருந்தது. நமக்குக் கொல்லையில் கீரைப் பாத்தி அளவு மண்கூடச் சொந்தமில்லை.

1972 இலும் 1975 இலும் காணிச் சீர்திருத்தம் வந்து தோட்டங்கள் அரசாங்கத்துக்குப் போயின. 1992 இல் நிர்வாகம் மறுபடி கம்பனிகளுக்குப் போனது. 1990களில் தோட்ட ஆஸ்பத்திரிகளை அரசாங்கம் பொறுப்பேற்கத் தொடங்கி, சிலவற்றை எடுத்தது. பலவற்றை எடுக்கவில்லை. பிரஜாவுரிமைப் பிரச்சினைக்கு 1988 இலும் 2003 இலும் வந்த சட்டங்களால் முடிவு கிடைத்தது. அதாவது வாக்குள்ள பிரஜையாக வைத்தியம் கேட்கிற தகுதி நமக்கு முழுமையாக வந்து அதிக காலமாகவில்லை.

முன்னேற்றத்தை மறைக்கவும் கூடாது. லயத்துக் காம்பராவில் பிரசவம் பார்த்த காலம் போய்விட்டது. இன்றைக்கு ஏறக்குறைய எல்லாத் தாய்மாரும் ஆஸ்பத்திரியில்தான் பிள்ளை பெறுகிறார்கள். தடுப்பூசி பிள்ளைக்குப் பிள்ளை போடப்படுகிறது. இதற்காக மழையிலும் வெயிலிலும் ஏறி இறங்கிய மிட்வைப் மிஸ்ஸிமாரை நன்றியோடு நினைக்க வேண்டும்.

யார் நோயாளி?

அப்படியானால் இன்னும் எங்கே இடிக்கிறது?

டால்கொட் பார்சன்ஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் 1951 இல் ஒரு விஷயம் எழுதினார். நோயாளி என்பது உடம்பின் நிலை மட்டுமல்ல, சமுதாயம் கொடுக்கிற ஓர் இடமும்கூட என்றார். நோயாளிக்கு வேலையிலிருந்து விடுதலை உண்டு. சுகமாக வேண்டும் என்று முயற்சி செய்வது அவர் கடமை. அவர் நோயாளிதான் என்று டொக்டர் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இதை நம் தோட்டத்துக்குக் கொண்டு வந்து பாருங்கள். காலையில் ஒரு தாய்க்குத் தலை சுற்றுகிறது. மாதச் சம்பளக்காரர் என்றால் லீவு போட்டுவிட்டுப் படுப்பார், சம்பளம் வரும். இவளுக்குப் பெரட்டுக்குப் போகாவிட்டால் பேர் இல்லை. பேர் இல்லாவிட்டால் அன்றைய காசு இல்லை. கங்காணியிடம் சொல்லி, துண்டு வாங்கி, மருந்துக் காம்பராவுக்குப் போய், அங்கே ஆள் இருந்து, "சரி, ஒனக்கு முடியாதுதான்" என்று ஒருவர் ஒப்புக்கொண்டால்தான் அவள் நோயாளி. அதுவரைக்கும் அவள் வேலைக்கு வராதவள். துண்டு கிடைத்தாலும் அன்றைய அடுப்பு எப்படி எரியும் என்ற கவலை வேறு. ஆகவே அவள் என்ன செய்கிறாள்? இரண்டு பெனடோல் போட்டுக்கொண்டு கூடையை எடுத்துத் தலையில் மாட்டுகிறாள். காலில் சின்னப் புண் பெரிய புண்ணாகும் வரை, மார்பில் சின்னக் கட்டி பெரிய கட்டியாகும் வரை கூடை இறங்குவதில்லை.

"தோட்டத்துப் பொம்பளைங்க கடைசி நேரத்துலதான் வர்றாங்க" என்று ஆஸ்பத்திரியில் சிலர் ஏசுவார்கள். கடைசி நேரத்தில் வருவது அறியாமையால் மட்டும் இல்லை. சுகமில்லை என்று சொல்வதற்கு அவள் ஒரு நாள் சம்பளத்தை விலையாகக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இங்கிலாந்தில் அரசாங்க உத்தியோகத்தர்களை 1967 முதல் ஆராய்ந்தார்கள். வைட்ஹோல் ஆய்வு என்பார்கள். அவர்களில் பட்டினி கிடந்தவர் யாருமில்லை. எல்லோருக்கும் வேலை, எல்லோருக்கும் இலவச வைத்தியம். அப்படியிருந்தும் உத்தியோகத்தில் ஒவ்வொரு படி இறங்க இறங்க மாரடைப்பு மரணம் கூடியது. கடைசிப் படியில் இருந்தவர்களுக்கு மேல் படியைப்போல மூன்று மடங்கு. சிகரெட், கொழுப்பு எல்லாவற்றையும் கணக்கில் எடுத்த பிறகும் வித்தியாசம் மிஞ்சியது. தன் வேலையின்மேல் தனக்கு எவ்வளவு அதிகாரம் இருக்கிறது என்பதும் உடம்பைப் பாதிக்கிறது என்று கண்டார்கள். நகரத்து உத்தியோகத்தருக்கே அப்படியென்றால், கொழுந்து நிறுக்கிற தராசுக்கு முன்னால் வாய் திறக்கப் பயப்படுகிறவருக்கு எப்படி இருக்கும்?

தலைகீழ் விதி

வேல்ஸ் நாட்டில் கிளின்கோரக் என்று ஒரு சுரங்கக் கிராமம். நம்மைப் போலவே வரிசை வீடுகள், கடின வேலை, புகை படிந்த நெஞ்சு. அங்கே ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற டொக்டர் இருந்தார். 1971 இல் அவர் ஒரு கட்டுரையில் ஒரு விதியைச் சொன்னார். வைத்தியம் யாருக்கு அதிகம் தேவையோ அவர்களுக்குத்தான் குறைவாகக் கிடைக்கிறது, தேவை குறைந்த இடத்தில் அது தாராளமாக இருக்கிறது என்பதே அது. தலைகீழ் விதி என்று சொல்லலாம்.

ஊவாவில் இதைக் கண்ணால் பார்க்கலாம். பதுளை டவுனில் பெரியாஸ்பத்திரி. அதைச் சுற்றிப் பின்னேரங்களில் தனியார் கிளினிக், ஃபார்மசி, லேப். டவுனில் இருக்கிறவர் நடந்தே போவார். மடுல்சீமைப் பக்கம் மேல் டிவிசனில் இருக்கிறவர் லயத்திலிருந்து ரோட்டுக்கு இறங்கி, பஸ்ஸுக்குக் காத்திருந்து, பசறை வழியாகப் பதுளைக்கு வர வேண்டும். பூனாகலை, கொஸ்லாந்தைப் பக்கம் இருக்கிறவருக்கும் அதே கதை. இலவச வைத்தியம்தான். ஆனால் பஸ் இலவசம் இல்லை, இழந்த பேர் இலவசம் இல்லை, வெளியே எழுதிக் கொடுக்கிற மருந்தும் இலவசம் இல்லை.

வந்து சேர்ந்த பிறகு மொழி. வலி எங்கே, எத்தனை நாளாக, எப்படி வலிக்கிறது என்று தாய்மொழியில் சொல்லவே கஷ்டம். தெரியாத பாஷையில் கையைக் காட்டிச் சொல்லி, மருந்துப் பையில் எழுதியிருப்பதை வாசிக்கத் தெரியாமல் வீட்டுக்கு வந்தால், மூன்று வேளை மருந்து ஒரு வேளை ஆகிவிடும். விர்ச்சோ எதற்காக மொழியையும் மருந்துச் சீட்டில் எழுதினார் என்பது இப்போது விளங்குகிறதல்லவா?

வீடும் இதில் சேர்ந்ததுதான். பத்துக்குப் பன்னிரண்டு காம்பரா ஒன்றில் மூன்று தலைமுறை, உள்ளேயே விறகடுப்புப் புகை. அந்தக் காற்றைச் சுவாசிக்கிற பிள்ளைக்குச் சளி மருந்து எத்தனை போத்தல் கொடுத்தும் என்ன? 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியதை நாம் மறக்க மாட்டோம். அந்த இடம் ஆபத்தானது என்று முன்னாலேயே எச்சரிக்கை இருந்தது. போவதற்கு வேறு காணியும் வீடும்தான் இல்லை.

அந்த டொக்டர் என்ன செய்தார்?

டியூடர் ஹார்ட் விதியைச் சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. தேடி வருகிறவர்களுக்கு மட்டும் மருந்து கொடுப்பதை விட்டு, வராதவர்களைத் தேடிப் போனார். கிராமத்தில் உள்ள வளர்ந்தவர்கள் எல்லோருக்கும் பிரஷர் பார்த்தார். வராதவர் பெயரைக் குறித்து வைத்து மறுபடி கூப்பிட்டார். இருபத்தைந்து வருஷம் இப்படிச் செய்த பிறகு பார்த்தால், அதே மாதிரியான பக்கத்துக் கிராமத்தைவிட அங்கே அகால மரணம் குறைந்திருந்தது. சுரங்கம் பணக்காரச் சுரங்கம் ஆகவில்லை, கிராமமும் அதே ஏழைக் கிராமம்தான். வைத்தியம் வருகிற திசை மட்டும் மாறியது.

நாமும் தொடங்கலாம். சில காரியங்களைச் சொல்லுகிறேன், வீட்டுக்குப் போய் பேசிப் பாருங்கள்.

ஒன்று. மாதர் சங்கம் லயத்துக்கு லயம் ஒரு கொப்பியில் எழுதி வைக்கட்டும். யார் கர்ப்பிணி, யாருக்குப் பிரஷர், சீனி வருத்தம், எந்தப் பிள்ளை கிளினிக் கார்ட்டில் எடை ஏறவில்லை என்று. வராதவரைத் தேடிப் போகிற வேலையை நாமே செய்யலாம். ஆனால் அந்தக் கொப்பி மிஸ்ஸியின் கண்ணுக்கு மட்டும். யாருடைய நோயையும் பீலிக்கரையில் பேசக்கூடாது.

இரண்டு. சட்டத்தில் இருப்பதைத் தெரிந்துகொள்ளுங்கள். பிரசவ லீவு சம்பளத்தோடு 84 வேலை நாள். 2018 இல் சட்டம் திருத்தப்பட்ட பிறகு மூன்றாவது, நான்காவது பிள்ளைக்கும் அதே அளவுதான். ஒரு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்குப் பால் கொடுக்க வேலை நேரத்தில் இரண்டு தடவை இடைவேளை உண்டு. இதைக் கேட்பது சண்டையில்லை.

மூன்று. 35 வயதான பெண்கள் சுகாதார வைத்திய அதிகாரி காரியாலயத்தின் சுவநாரி கிளினிக்குக்குப் போங்கள். கர்ப்பப்பை வாசல், மார்பு, பிரஷர், சீனி எல்லாம் காசில்லாமல் பார்ப்பார்கள். வெட்கப்பட வேண்டாம். மாமியார்மாரே, மருமகளை நீங்களே கூட்டிக்கொண்டு போங்கள். தனியாகப் போகச் சொன்னால் போக மாட்டாள்.

நான்கு. திடீரென்று ஆபத்து வந்தால் 1990 என்ற இலக்கத்துக்கு அடியுங்கள். சுவசெரிய அம்புலன்சுக்குக் காசில்லை. மேல் டிவிசனுக்கு அது ஏற முடியாவிட்டால் எந்த இடத்தில் வந்து நிற்கும், அதுவரை நோயாளியை யார் தூக்கி வருவது என்று இப்போதே தீர்மானித்து வையுங்கள். பழுதான ரோட்டைப் பற்றி எழுத்தில் முறையிடுங்கள்.

ஐந்து. தமிழில் எழுதிக் கேளுங்கள். தமிழ் அரசகரும மொழி. பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலாளர் பிரிவுகள் 1999 இலேயே இருமொழிப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டவை. ஆஸ்பத்திரியில் தமிழ் தெரிந்த ஒருவர் வேண்டும் என்று தனித்தனியாக முணுமுணுப்பதைவிட, பத்துத் தோட்டம் சேர்ந்து கையெழுத்திட்டு ஒரு கடிதம் கொடுத்தால் அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். நம் பிள்ளைகளையும் நேர்ஸ், மிட்வைப் படிப்புக்கு அனுப்புவோம். நம் பாஷை தெரிந்தவர் அந்த நாற்காலியில் உட்கார அதுதான் நிலையான வழி.

ஆறு. இது நிர்வாகத்துக்கும் தொழிற்சங்கங்களுக்கும். கிளினிக் நாளில் கர்ப்பிணிக்கும் நீடித்த நோயாளிக்கும் பேர் வெட்டப்படாமல் இருக்க ஓர் ஏற்பாடு செய்யுங்கள். சம்பளம் பேசும்போது இதையும் மேசையில் வையுங்கள். நோயை ஆரம்பத்தில் கண்டுபிடித்தால் தோட்டத்துக்கும் ஆள் மிஞ்சும்.

முடிவாக

சகோதர சகோதரிகளே, கையைக் கழுவுங்கள், வெற்றிலையை விடுங்கள் என்பதை நான் மறுக்கவில்லை. அதை நாம் செய்ய வேண்டும். ஆனால் கை கழுவச் சொல்லுகிறவரிடம், குழாயில் தண்ணீர் வருகிறதா என்று பணிவாகக் கேட்கிற உரிமையும் நமக்கு உண்டு. நம் பங்கை நாம் செய்துவிட்டு, மற்றவர் பங்கை அவர்கள் செய்யும்படி கேட்பதுதான் பிரஜை என்பதன் அர்த்தம்.

பத்து வருஷத்தில் 40 ஐ 32 ஆக்கினோம். அந்த 32 இல் ஒவ்வொன்றும் ஒரு லயத்தில் ஒரு தொட்டிலில் கிடக்கிற பிள்ளை. அடுத்த முறை அளக்க வரும்போது ஊவாத் தோட்டத்துப் பிள்ளையும் கொழும்புப் பிள்ளையும் ஒரே உயரத்தில் நிற்க வேண்டும். அதற்குக் கொப்பியும் பென்சிலும் எடுத்து நாளைக்கே ஒருவர் முதல் பெயரை எழுதட்டும்.